பாவத்தில் ஒரு டம்ளர்

எதைப் பார்த்தாலும் அதற்குள் ஒரு ஆன்மீகப் பாடம் தெரிகிற வியாதி ஒன்று உண்டு. அதற்கு மருந்து கிடையாது. கல்யாணம் ஆனால் கொஞ்சம் குறையும் என்கிறார்கள். இருபத்தைந்து வயதில் எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

ராயபுரத்தில் எங்கள் பங்குக் கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் விடிந்ததும் 'இன்றைய செய்தியில் இறைவன்' என்று ஒரு பதிவு போடுவேன். (யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் போட்டேன்.) எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றால், அது விண்ணகத்தின் இடுக்கமான வாசல். கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவரிடம் போனால், அது இறுதித் தீர்ப்பு. கரண்ட் போனால், விளக்குக்கு எண்ணெய் கொண்டுவராத கன்னியர். அக்கா ரோசிக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டபோது 'வணங்காக் கழுத்து' என்று ஒரு பதிவு எழுதினேன். அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. திரும்ப முடியாததால் முறைக்கவும் இல்லை.

குழுவில் எல்லோரும் கைகூப்புகிற படத்தைப் பதிலாக அனுப்புவார்கள். படித்துவிட்டு அனுப்புகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் தெருவாரியாகச் சேர்ந்து 'அன்பியம்' நடத்துவார்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வது, யாராவது ஒருவர் இறைவார்த்தையைப் பற்றிப் பேசுவது, கடைசியில் டீ. பேச்சை அன்றைக்கே மறந்துவிடுவார்கள். டீ எப்படி இருந்தது என்பதை மட்டும் ஆண்டுக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்பார்கள். தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு முறை வந்தது. பேசப்போவது நான்.

அந்த நேரம் பார்த்துத் திருவொற்றியூரில் ஸ்டெல்லா என்ற பெண்ணை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டுப் போட்டியில் அவளைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சாமியாராகப் போய்விடுவது என்று முடிவே செய்திருந்தேன். (குருமடத்தில் என்னை எடுத்துக்கொள்வார்களா என்பதை யோசிக்கவில்லை.) அவளுடைய அப்பா அந்தோணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அதிகம் பேசமாட்டார். "பையன் ஜெபத்துல இன்னா பேசுறான்னு மொதல்ல பாத்துடலாம்" என்று சொல்லி, அந்த வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கே வருவதாகத் தகவல் அனுப்பிவிட்டார்.

சாதாரணமாகப் பேசினால் போதாது என்று எனக்குத் தோன்றியது. மீஞ்சூரில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிறார்களே, அதைப் பற்றித் தொலைக்காட்சியில் காட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உப்பு என்பது பாவம். ஆலை என்பது இறையருள். குழாயில் வருகிற நல்ல தண்ணீர் மனம் திரும்பியவன். இதை வெறும் வாயால் சொல்லக்கூடாது, வந்தவர்களை ருசி பார்க்கவே வைக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் காலியான தண்ணீர் கேன் ஒன்றை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போய், அதில் பாதி அளவுக்குக் கடலை அள்ளி, ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா நைனா, கடலைத் தூக்கினு எங்க போற?"

"ஜெபத்துக்கு."

அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

சமையலறையில் ஜன்னல் ஓரமாக என் கேனை வைத்தேன். சிலிண்டர் பக்கத்தில் நாங்கள் குடிக்கிற தண்ணீர் கேன் இருந்தது, அதுவும் பாதி. ஆச்சரியம் கெட்டுவிடக்கூடாதே என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பங்குச் சாமி வருகிறார், சம்பந்தி வருகிறார் என்று அம்மா மத்தியானம் வீடு முழுக்கக் கழுவிவிட்டதும், கழுவும்போது இரண்டு கேன்களையும் கூடத்துக்கு நகர்த்தித் திரும்ப உள்ளே வைத்ததும் எனக்குத் தெரியாது. அப்போது நான் கண்ணாடி முன் நின்று கையை எந்த இடத்தில் உயர்த்துவது என்று பழகிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அம்மா ஒருசந்தி இருப்பாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூட நாக்கில் படாது. ஆகவே அன்று டீயை ருசி பார்க்க வீட்டில் ஆளில்லை.

சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. பங்குத்தந்தை நாற்காலியில், அவருக்குப் பக்கத்தில் அந்தோணி மாமா, பாயில் பெண்களுக்கு நடுவே ஸ்டெல்லா. ஜெபமாலை முடிந்ததும் ஜன்னல் ஓரத்து கேனைத் தூக்கிவந்து ஸ்டூலில் வைத்துப் பேச ஆரம்பித்தேன். உப்புதான் பாவம், அதை நம்மிடமிருந்து நீக்கவேண்டும் என்று முழங்கினேன்.

எதிர்வீட்டு ஃபிலோ ஆன்ட்டி கையைத் தூக்கினார். "இருப்பா. ஆண்டவரு நம்பள உப்பா இருங்கோன்னு சொல்லிகீறாரு. நீ இன்னா உப்பை எடுக்கணும்ன்ற?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. "அது வேற உப்பு ஆன்ட்டி" என்றேன்.

"உப்புல இன்னாப்பா வேற உப்பு?"

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். பேச்சால் இனிச் சமாளிக்க முடியாது என்று தெரிந்து, நேராகச் செய்முறைக்குத் தாவினேன். ஒரு டம்ளர் நிறைய ஊற்றி அந்தோணி மாமாவிடம் நீட்டினேன்.

"மாமா, இதுதான் பாவம். ஒரு வாய் குடிச்சிப் பாருங்க. உடனே துப்பத் தோணும். தாராளமாத் துப்புங்க. அதுதான் மனமாற்றம்."

நான் ஜாடை காட்டியதும் ரோசி, துப்புவதற்குப் பாத்திரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நின்றாள். மாமா ஒரு வாய் குடித்தார். முகத்தில் மாற்றமில்லை. அப்படியே மொத்தத்தையும் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் குடுப்பா. வெயில்ல வந்தது, தொண்ட காஞ்சிகினு கீது."

துறைமுகத்துக்காரர், உப்புக்காற்றில் நாக்கு மரத்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு நானே ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அருமையான குடிதண்ணீர். அப்படியானால் கடல் எங்கே என்று யோசிக்கும்போதே, உள்ளேயிருந்து டம்ளர்கள் மோதிக்கொள்கிற சத்தம் வந்தது. அம்மா டீத்தட்டோடு வந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, வேணாம்."

"இன்னாடா வேணாம்? சாமிக்கு ஒரு டீ குடுக்காம அனுப்பச் சொல்றியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பங்குத்தந்தை ஒரு வாய் குடித்துவிட்டார். அவர் மீசை ஒருமுறை துடித்தது. என்னைப் பார்த்தார். கேனைப் பார்த்தார். சுவரில் சிலுவையில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்தார்.

"புரிஞ்சிடுச்சு தம்பி" என்றார் மெதுவாக. "பாவம்னு குடுத்த தண்ணி இனிக்குது. ஆசையாக் குடிக்கிற டீ கரிக்குது. பாவம் இனிப்பாத்தான் வரும்னு சொல்லவர்றீங்க. சிலுவையில ஆண்டவருக்குக் காடி குடுத்தாங்க. இந்தத் தவக்காலத்துல அவருக்காக நாம இதைக் குடிக்கமாட்டோமா?"

குடித்தே முடித்துவிட்டார். சாமியே குடித்த பிறகு யார் வைத்துவிட்டு எழுந்திருப்பார்கள்? தெருவே பக்தியோடு குடித்தது. ஃபிலோ ஆன்ட்டி மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "தவத்துல மீனு வாசன வருதே" என்றார். என் வாழ்நாளில் மிகச் சிறந்த பாடம் அன்று என் பெயரில் நடந்துகொண்டிருந்தது. நான் செத்துக்கொண்டிருந்தேன்.

சமையலறைக்குள் ஓடி ஒளிந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஸ்டெல்லா டம்ளரோடு உள்ளே வந்தாள். பாதி குடித்திருந்தாள்.

"ஒரு டவுட்டுங்க. நெசமாவே இதுல இன்னா பாடம்?"

"பாடம்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றேன். "கேன் மாறிப்போச்சு."

அவள் என்னைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். அப்புறம் கதவைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்துவிட்டு, "எங்க அப்பா ரெண்டு டம்ளர் பாவமும் குடிச்சிட்டு, டீயும் குடிச்சிட்டாருங்க" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று காலையில் நான் போட்டிருந்த பதிவின் தலைப்பு 'விழித்திருங்கள்'. காசிமேட்டுக் கடல் வயிற்றில் வேலை செய்ததில், அன்றிரவு எங்கள் அன்பியத்தில் ஒருவரும் தூங்கவில்லை. மறுநாள் குழுவில் ஒரு கைகூப்பும் படம்கூட வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தோணி மாமா அம்மாவுக்கு ஃபோன் செய்தார். சாமியாராகப் போக நான் மனதளவில் துணிமணி எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன்.

"பையன் பேசுனது எனுக்கு ஒண்ணும் புரியலம்மா" என்றார். "ஆனா எங்க பொண்ணு அன்னிலேர்ந்து தானா சிரிச்சிகினு கீது. நாள் பாருங்கோ."

நிச்சயதார்த்தம் முடிந்ததும் ஸ்டெல்லா எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டாள். கல்யாணப் பூசையின் மறையுரையில் பங்குத்தந்தை, "கானாவூர் கல்யாணத்துல ஆண்டவர் தண்ணியத் திராட்சை ரசமாக்கினார். நம்ம மாப்பிள்ளை டீயைக் கடலாக்கினார்" என்று ஆரம்பித்தார். கோயிலே குலுங்கியது. அன்றோடு நான் பாடம் கண்டுபிடிப்பதை விட்டுவிட்டேன். இப்போது ஒவ்வொரு தவக்காலத்திலும் எங்கள் பங்கில் நான்தான் பாடம்.

மாமா இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே, "அம்மாடி, அந்தப் பாவத்துல ஒரு டம்ளர் குடு" என்பார். கேட்டுக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது. பாவம் தீர்ந்துபோச்சு, பாவத்துக்கு ஃபோன் பண்ணு, பாவத்தை மூடி வை.

போன ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில், பாவம் எங்கிருந்து வருகிறது என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். ஆறு வயதாகும் எங்கள் மகள் முதல் ஆளாக எழுந்து நின்றாளாம்.

"குட்டியானை வண்டில வருது மிஸ். எங்க அப்பாதான் ரெண்டு கேன் எறக்கி வெப்பாரு."