வானவில் ஏறிய வெள்ளிக்காசு

இந்த வருஷ போனஸில் ஒரு காசைக்கூட வீணாக்குவதில்லை என்று முடிவு செய்தேன். மொத்தத்தையும் ஒரே ஒரு காசில் போட்டுவிடுவது.

நான் பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்ப்பவன். ஒரு லாரி போய் அடுத்தது வரும் இடைவெளியில், யாரும் சொல்லித்தராமல் நானே படித்துத் தேறிய சாஸ்திரம் பழைய நாணயம். அதில் ஒரு கூத்து உண்டு. வெள்ளிக்காசு வருஷக்கணக்காகக் காற்றுப் பட்டால் நிறம் ஏறும். ஓரத்தில் பொன், அப்புறம் ஊதா, நடுவில் நீலம். வீட்டுக் கரண்டியில் இது வந்தால் பெயர் அழுக்கு. காசில் வந்தால் நிறமேற்றம். விலை பத்து மடங்கு. இருபது வருஷ இரவு வேலையில் என் முகமும்தான் கறுத்திருக்கிறது. எவனும் ஒரு மடங்குகூட ஏற்றித் தரவில்லை.

"என்னங்க, போனஸ் வந்தா வாஷிங் மெஷின்னு சொன்னீங்களே. உங்க சட்டையைத் தேச்சுத் தேச்சு என் கைரேகையே அழிஞ்சுபோச்சு."

"வரட்டும், பாக்கலாம்."

வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. என் பழைய பூட்ஸுக்குள் இருந்தது.

"எங்கப்பா குடுத்த பன்னெண்டு வெள்ளிக்காசு டப்பாவுல கிடக்கே. அது விலை போகாதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான புதிதில், அசல் வெள்ளிதானா என்று அதில் ஒன்றைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். ஓரம் நசுங்கியது. மாமனார் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. அந்தக் காசால் நான் கண்ட ஒரே லாபம் அதுதான்.

"அதெல்லாம் இப்பத்தான் பல் விளக்கின மாதிரி பளபளன்னு இருக்கு. செல்லாக்காசு."

"நிறம் ஏத்த முடியாதா?"

"திருட்டுப் பசங்க ஏத்துவாங்க. அவிச்ச முட்டையோட டப்பாவுல போட்டு மூடி வச்சா, முட்டையில இருக்கற கந்தகம் நிறத்தைக் குடுக்கும். ஆனா என்கிட்ட பலிக்காது. பாத்ததும் சொல்லிடுவேன்."

"பாத்ததுமேவா?"

"பாக்கவே வேணாம். மூக்கே சொல்லிடும்."

இரண்டு நாளில் சமையலறையில் ஒரு நாற்றம்.

"என்னடி இது?"

"சிங்க் அடைச்சிருக்குங்க. நீங்க போய்த் தூங்குங்க."

மூக்கைப் பொத்திக்கொண்டு தூங்கப் போனேன். இரவு வேலைக்காரனுக்கு வாய்த்த சாபம் இது. அவன் குறட்டை விடும் நேரம் பார்த்துத்தான் உலகம் தன் காரியங்களை முடித்துக்கொள்கிறது.

பத்து நாள் கழித்து நாணயக் கடைக்காரர் போன் செய்தார். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர்.

"ஒரு பொருள் வந்திருக்கு சார். உங்களைத் தவிர வேற யாருக்கும் காட்டக் கூடாதுன்னு இருக்கேன்."

போனேன். கறுப்பு வெல்வெட்டில் மயில் கழுத்தை வட்டமாக நறுக்கி வைத்த மாதிரி இருந்தது. லென்ஸை வைத்து அரைமணி நேரம் பார்த்தேன். ஓரத்தில் ஒரு நசுங்கல்.

"இது என்னவா இருக்கும் சார்?" என்றார் அவர்.

"வாள்வெட்டு. ஏதோ ஒரு போர்ல பட்டிருக்கு."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். இருமல் என்று நினைத்தேன்.

"யார் வீட்டுக் காசு?"

"ஒரு குடும்பப் பொம்பள கொண்டாந்து குடுத்தாங்க. புருஷன் சரியில்லையாம்."

"பாவம்," என்றேன். பூட்ஸைக் கழற்றினேன்.

மறுநாள் சாயங்காலம் தடதடவென்று ஒரு சத்தத்தில் கண் விழித்தேன். சமையலறை மூலையில் புத்தம்புது வாஷிங் மெஷின். உள்ளே என் சட்டைகள் கரணம் போட்டுக்கொண்டிருந்தன.

"ஏது பணம்?"

"எங்கப்பா காசுல ஒண்ணை வித்தேன்."

"அந்தச் செல்லாக்காசையா? எந்த ஏமாளி வாங்கினான்?"

அவள் வாசலில் கிடந்த என் பூட்ஸைப் பார்த்தாள்.

டப்பாவைத் திறந்தேன். குப்பென்று அடித்தது. பச்சை நிறமாகிப்போன ஒரு அவிச்ச முட்டை. பதினொரு காசு. ஓரம் நசுங்கினதைக் காணோம்.

மெஷினில் போடாமலேயே என் சாயம் வெளுத்தது.

"ஒருத்தனை இப்படி ஏமாத்தறது பாவமில்லையா?"

"அதனாலதான் வெளியாளுக்கு வித்துடாதீங்கன்னு கடைக்காரர்கிட்ட கண்டிப்பா சொன்னேன். முட்டை சமாச்சாரத்தையும் சொல்லிட்டேன். அவர் கமிஷன் போக மெஷினுக்குச் சரியா இருந்துச்சு."

"ஒரு முட்டையை வச்சு இவ்வளவு பெரிய விலையா?"

ஈரச் சட்டையை எடுத்து உதறினாள். என் முகத்தில் தெறித்தது.

"காசுல நிறம் ஏற எந்த முட்டையும் போதுங்க. விலை ஏறத்தான் வீட்டுல ஒரு கூமுட்டை வேணும்."