சின்னவளின் கைப்பட்டை குறித்து அக்காவுக்கு விளக்கம்

என்றும் என் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன் முழங்கால் வலியும் மாமாவின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பேசுவாய், நான் ‘உம்’ கொட்டுவேன். கடிதத்தில்தான் என் முறை வருகிறது.

போன வாரம் நீ என் மனைவியைக் கூப்பிட்டு, “வலிப்பு வர்ற பொண்ணை வேலைக்கு அனுப்பிட்டு நீங்க ரெண்டு பேரும் என்ன பண்றீங்க? பேசாம வீட்டுல உட்கார வைங்க” என்று சொன்னாயாம். வலிப்பு வந்தால் பல்லுக்கு நடுவில் ஸ்பூன் வைக்க வேண்டும் என்றும் மறுபடி நினைவூட்டினாயாம். அதற்குப் பதில்தான் இது. சாய்ந்து உட்கார்ந்து படி.

சின்னவளுக்கு மாத்திரை பெரும்பாலும் கேட்கிறது. ஆனால் எப்போதாவது ஒரு தடவை அதையும் மீறிக்கொண்டு வந்துவிடுகிறது. அவளைப் பார்க்கும் நரம்பு டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சியில் இருக்கிறார். கடிகாரம் மாதிரி ஒரு பட்டையை மணிக்கட்டில் கட்டிவிடுகிறார்கள். கை வெட்டி வெட்டி இழுத்தால், நாடி எகிறினால், அது வீட்டாரின் போனில் அபாய மணி அடிக்கும். ஆஸ்பத்திரிப் படுக்கையில் ஒழுங்காக வேலை செய்கிற பட்டை, நடமாடுகிறவர்களின் கையில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். சின்னவள் உடனே சரி என்றாள். மணி அடிக்க வேண்டிய போனாக என்னுடையதைக் கொடுத்தோம். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

முதல் மணி அவள் பல் விளக்கும்போது அடித்தது. நான் குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போய் விழுந்தேன். அவள் வாய் நிறைய நுரையோடு என்னைப் பார்த்தாள். நுரையைப் பார்த்து நான் இன்னும் கத்தினேன். அடுத்தது முட்டை அடிக்கும்போது. அதற்கடுத்தது யாருக்கோ கைதட்டியபோது. இதெல்லாம் வீட்டோடு போயிற்று. பள்ளிக்கூடம் திறந்ததும்தான் நிலைமை கைமீறியது. அவள் காது கேளாத பிள்ளைகளுக்கு வாத்தியார் என்பது உனக்குத் தெரியும். அவர்களுக்குக் கதை என்றால் கையால்தான் சொல்ல வேண்டும். யானை ஓடினால் மணி. மழை கொட்டினால் மணி. நானோ டிரைவிங் ஸ்கூலில் யாருக்காவது ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன். மணி அடித்ததும் “வண்டியைத் திருப்புங்க!” என்பேன். தையற்கடை அம்மா ஒருவர் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். அவருக்கு இன்றுவரை சின்னவளின் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் ஓட்டத் தெரியும்.

ஒவ்வொரு தடவையும் நான் வகுப்புக்குள் பாய்வேன், யானை பாதியில் நின்றுவிடும், பிள்ளைகள் என்னையே பார்ப்பார்கள். எனக்கு அவர்கள் மொழியில் ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்: ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்து, மூச்சிரைப்பது போல ஒரு சைகை. டாக்டரம்மாவிடம் முறையிட்டேன். “பொய் மணியும் எங்களுக்கு வேணும் சார். எதெல்லாம் வலிப்பு இல்லைன்னு தெரிஞ்சாதானே எது வலிப்புன்னு அதுக்குப் பிடிபடும்” என்றார். பட்டைக்குப் பிடிபட்டுக்கொண்டு வந்தது. எனக்குத்தான் பிடிபடவில்லை.

கடைசியில் சின்னவளே என்னை எதிரில் உட்கார வைத்துக்கொண்டாள்.

“அப்பா, வலிப்பு எப்பவாவதுதான் வருது. நீங்க தினம் வர்றீங்க.”

“உனக்கு ஒண்ணுன்னா நான் வரக் கூடாதா?”

“வாங்க. ஒரு தடவை மெதுவா வாங்க. என் கிளாஸ்ல உட்கார்ந்து பாருங்க. அப்புறமா பயப்படலாம்.”

போனேன். போனைச் சத்தமில்லாமல் வைக்கச் சொன்னாள், வைத்தேன். கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தேன். சட்டைப் பையில், உன் சொல்லைத் தட்டாமல், ஒரு ஸ்பூன். ஒரு மீன் கடலைத் தேடிப் போகிற கதை. நன்றாகத்தான் நீந்திக்கொண்டிருந்தது. நடுவில் அவள் கை விறைத்து அப்படியே நின்றது. கதையில் மீன் எதையோ பார்த்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவள் சரிந்தாள்.

அக்கா, நான் கத்திக்கொண்டு ஓடினேன். ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், என் இடுப்பு உயரம்கூட இல்லை, குறுக்கே வந்து உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினாள். என் கையிலிருந்த ஸ்பூனைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதற்குள் மற்றவர்கள் பெஞ்சுகளை நகர்த்திவிட்டார்கள். ஒருத்தன் ஸ்வெட்டரை மடித்து அவள் தலைக்கு அடியில் செருகினான். யாரும் அவளை அமுக்கிப் பிடிக்கவில்லை, வாயில் எதையும் வைக்கவில்லை. ஒருத்தி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள் சின்னவள். ஒருத்தி ஓடிப்போய்த் தலைமையாசிரியையைக் கூட்டிவந்தாள். துடிப்பு அடங்கத் தொடங்கியதும் எல்லோருமாக அவளை மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். அந்த அறையில் கத்திக்கொண்டிருந்தவன் நான் ஒருத்தன்தான். அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

ஐந்து நிமிஷத்துக்குள் அடங்கிவிட்டது. அவள் கண் திறக்கும் இடத்தில் ரெட்டைப் பின்னல் உட்கார்ந்துகொண்டு, ‘விழுந்தீங்க. முடிஞ்சுது. நாங்க இருக்கோம்’ என்று கையால் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். இது தலைமையாசிரியை எனக்குச் சொன்ன அர்த்தம். வெகுநேரம் கழித்துச் சின்னவள் விழித்தாள். வலிப்பில் நாக்கைக் கடித்துக்கொண்டதால் பேசவில்லை. ஒரு கையை மட்டும் லேசாக அசைத்து ஏதோ கேட்டாள். பிள்ளைகள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். என் பெண் கேட்டது என்னைத் தவிர அங்கே எல்லோருக்கும் புரிந்தது. அந்த ஒரு நொடி இருக்கிறதே அக்கா, அதை எழுத வரவில்லை.

“என்னம்மா கேட்டா?” என்றேன்.

தலைமையாசிரியை சொன்னார்: “‘அப்பா அழறாரா’ன்னு கேட்டாங்க. பசங்க ‘தெரியலை, வாய் மட்டும் ரொம்ப அசையுது’ன்னு சொன்னாங்க.”

அன்று என் பையிலிருந்த போன் சத்தமில்லாமலே சரியாகத்தான் அடித்திருக்கிறது. டாக்டரம்மாவுக்கு ஏக சந்தோஷம். இப்போது மணி முதலில் தலைமையாசிரியையின் போனுக்குப் போகிறது. சனிக்கிழமைகளில் நான் சைகை கற்றுக்கொள்ளப் போகிறேன், முதல் பெஞ்சில். ‘நலமா’ என்று கேட்பதாக நினைத்து எதையோ கேட்டுத் தொலைத்தேன். வகுப்பே உருண்டு சிரித்தது. அது என்ன என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் பிள்ளைகளை நான்கு நாள் சுற்றுலா அழைத்துப் போகிறாள். நீ தடுக்கச் சொல்வாய். நான் சரி என்று சொல்லிவிட்டேன். பின்னாலேயே போக மாட்டேன், யாரையும் கண்காணிக்கச் சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்கும் கொடுத்துவிட்டேன். அவள் வளர்ந்துவிட்டாள் அக்கா; நானும் கொஞ்சம் வளரலாம் என்று இருக்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, நீடூழி வாழ வேண்டும்.

உன் பாசத்துக்குரிய,
தம்பி

பின்குறிப்பு: சுற்றுலா உங்கள் ஊருக்குத்தான். தங்குவது உன் தெருமுனை விடுதியில். நான் உன்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. ஆனால் காலையில் நடக்கச் சொல்லி டாக்டர் உனக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார் அல்லவா, அந்த நான்கு நாளும் அந்தப் பக்கமாக நடந்தால் முழங்காலுக்கு நல்லது. அவள் கண்ணில் பட்டுவிட்டால் தற்செயலாக வந்ததாகச் சொல். உனக்குப் பொய் வராது. அதனால் ஒன்றும் சொல்லாதே, அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்.