மாமியாருக்கு ஏழு பெட்டைகள்

மாமியார் வீட்டுக் கூண்டுக்குள்ளிருந்து பெட்டைக்கோழி ஒன்று கொக்கரக்கோ என்று கூவியபோது, மருமகனுக்குக் காபி புரையேறியது.

அந்த ஏழு வெள்ளைக் குஞ்சுகளையும் பெட்டை என்று பொறுக்கிக் கொடுத்தவனே அவன்தான். குஞ்சுப் பண்ணையில் சேவலையும் பெட்டையையும் பிரிப்பதுதான் அவன் வேலை. சிறகை விரித்துப் பார்த்தால், பெட்டைக்கு இறகுகள் நீளமும் குட்டையுமாக மாறி மாறி இருக்கும்; சேவலுக்கு எல்லாம் ஒரே அளவு. ஆனால் இந்தக் கணக்கு பொரித்த அன்றைக்கு மட்டும்தான். இரண்டு நாள் போனால் சேவலும் பெட்டை மாதிரியே இறகு விட்டு ஆளை ஏமாற்றும். அவன் ஆசை ஆசையாகப் பொறுக்கியதோ, பொரித்து மூன்று நாளான குஞ்சுகள் இருந்த பெட்டியிலிருந்து.

வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனுக்காக, பண்ணை மேனேஜரான தன் தம்பியிடம் மல்லுக்கட்டி இந்த வேலையை வாங்கித் தந்தவர் மாமியார். அந்த நன்றி அவன் நெஞ்சு நிறைய இருந்தது. அதைக் காட்டப்போய்த்தான் இந்த வினை.

"முட்டை வைக்கறதுக்கு முன்னாடி சிலது இப்படிக் கூவும் அத்தை," என்றான்.

"அப்படியா மாப்பிள்ளை," என்றுவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

மறுநாளே கூவியதைப் பைக்குள் திணித்துக்கொண்டுபோய், கோழிக்கடைக்காரரிடம் கொடுத்துப் பெட்டையாக மாற்றி வந்தான். கிடைத்தது சிவப்புக் கோழி. வளர வளர நிறம் மாறும் ரகம் என்று சமாளித்தான். அடுத்து இன்னொன்று கூவ, அதற்கு மாற்றாகக் கிடைத்தது கறுப்பு. மாமியார் அதற்கும் தலையாட்டினார். ஆனால் பக்கத்து வீட்டம்மா, நிறம் மாறும் கோழி என்று தெரு முழுக்கத் தமுக்கடித்துவிட்டார். சேதி மேனேஜர் காதுக்குப் போக, அதிசயத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாக அவரே போன் செய்துவிட்டார்.

மருமகன் கூண்டையே சுற்றிச் சுற்றி வந்தான். வேலை போனால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம். தனக்காக மல்லுக்கட்டிய அத்தை தம்பி முன்னால் தலைகுனிந்து நிற்பதை எப்படிப் பார்ப்பது?

சனிக்கிழமை சாயங்காலம் நல்லவேளையாக மாமியார் வீட்டில் இல்லை. ஏழு கோழிகளையும் கூடையில் அள்ளிக்கொண்டு கடைக்கு ஓடினான். இதையெல்லாம் வைத்துக்கொண்டு வெள்ளைப் பெட்டையாக ஏழு தரவேண்டும் என்று மூச்சிரைக்கக் கேட்டான். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் உள்ளே போய், தயாராக வைத்திருந்த கூடையை எடுத்து வந்தார். எல்லாமே வெள்ளை, எல்லாமே பெட்டை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைண்ணே."

"எனக்கெதுக்குத் தம்பி? காலையிலேயே உங்க மாமியார் வந்து பொறுக்கி வச்சுட்டுப் போனாங்க. 'மாப்பிள்ளை ஓடி வருவாரு, எனக்குத் தெரியும்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க'ன்னாங்க."