நாற்பத்தொரு புகார்

'வயது வந்தோருக்கு மட்டுமான உள்ளடக்கம்' என்று போனில் வந்திருந்த செய்தியை அந்தோணிராஜ் மூன்றாவது முறையாகப் படித்தார். அவருடைய பக்கத்தை நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதமாகச் சேர்ந்திருந்த பணத்தையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

"ஏளா ரோஸ்மேரி, வயசு வந்தவங்களுக்கு மட்டும்னு நான் அப்படி என்னத்தக் காட்டிட்டேன்?"

டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஜட்டியக் காட்டுனிய."

அது உண்மைதான். நாசரேத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, வீரபாண்டியில் ஒரே பனியன் கம்பெனியில் முப்பது வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர் அந்தோணிராஜ். இடுப்பு வலியால் நாளெல்லாம் நிற்க முடியாமல் போனதும் வேலையை விட்டார். தெரிந்த ஒரே வித்தையை வீடியோ பாடமாக எடுத்தார். ஜட்டிக்கு அளவெடுப்பது, பேட்டர்ன் வரைவது, துணி வீணாகாமல் வெட்டுவது.

'கைத்தாங்கல்' என்றொரு ஆப். பாடம் பிடித்தவர்கள் மாதம் நூற்றைம்பது ரூபாய் கொடுத்து ஆதரிக்கலாம். நூற்றெண்பது பேர் கொடுத்தார்கள். வீட்டு வாடகையும் இடுப்புக்கு மருந்தும் அதில்தான் ஓடின. பழைய முதலாளி திருமூர்த்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ எடுக்கத் தன் கம்பெனி கட்டிங் டேபிளையே கொடுத்திருந்தார். ரோஸ்மேரி இன்னும் அங்கேதான் செக்கிங்கில் வேலை பார்த்தாள்.

"அந்த வார்த்தைய மாத்திப் பாருங்க. அதான் கண்ண உறுத்துது" என்று சொல்லிவிட்டு அவள் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாள்.

'ஜட்டி'யை 'உள்ளாடை' என்று மாற்றினார். ஆப் அசையவில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்து, ஆடை என்ற பேச்சே வராமல் எல்லாப் பாடங்களுக்கும் புதுத் தலைப்பு வைத்தார்: 'உள்ளே இருப்பவை - ஒளிவுமறைவு இல்லாமல்'.

மறுநாளே பக்கம் திறந்துவிட்டது. பெரியவர்கள் மட்டும் நுழையும் பகுதியில் திறந்திருந்தது. இரண்டே நாளில் அறுபது புது ஆதரவாளர்கள்.

"சனங்களுக்குத் தொழில் படிக்கணும்னு ஆர்வம் வந்துட்டு, பாத்தியா?" என்று சொல்லி அரைக்கிலோ கறி வாங்கி வந்தார்.

மூன்றாம் நாள் கருத்துகள் வந்தன.

'ஐம்பது நிமிடம் பார்த்தேன். எலாஸ்டிக்தான் வந்தது.'

'கடைசியிலாவது ஏதாவது இருக்கும் என்று காத்திருந்தேன். கடைசியில் ஓரம் மடித்தார்.'

அறுபது பேரும் தங்களை ஏமாற்றிவிட்டதாக அவரவர் பேங்கில் சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அப்படித் திரும்பிப் போன ஒவ்வொன்றுக்கும் ஆப்காரர்கள் அபராதம் போட்டார்கள். பிடித்து வைத்திருந்த பணத்தில் பாதி அபராதத்திலேயே கரைந்தது.

பதினோரு மெயில் போட்ட பிறகு ஒரு மனுஷக் குரல் அவரைக் கூப்பிட்டது. ஆப் ஆபீஸில் இருக்கும் பெண்.

"சார், உங்க மேல நாற்பத்தொரு புகார் வந்திருக்கு. எல்லாமே ஒரே ஆள். லிஸ்ட்ல மொதல்ல இருக்கற 'ஆபாசம்'ங்கற காரணம்தான் எல்லாத்துலயும்."

"யாரும்மா அது?"

"பேர் சொல்லக் கூடாது சார். உங்க மாவட்டம்தான். ஒவ்வொரு பாடத்தையும் முழுசாப் பாக்கறாங்க, முடிஞ்ச உடனே புகார் பண்றாங்க. இது தொழில் கல்விதான்னு ஒரு கம்பெனி லெட்டர் குடுங்க, மேல பேசிப் பாக்கறேன்."

அந்தோணிராஜ் போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஜட்டி வெட்டுவதை ஐம்பது நிமிடம் பொறுமையாகப் பார்க்க எவனால் முடியும்? தொழில் தெரிந்தவனால்தான் முடியும். போன மாதம் திருமூர்த்தி சிரித்துக்கொண்டே கேட்டது ஞாபகம் வந்தது: "மாஸ்டரு, நம்ம பேட்டர்ன ஊருக்கே சொல்லிக் குடுத்துட்டீங்கன்னா நாங்க எங்கீங்க போறது?"

அப்போது அவரும் சேர்ந்துதான் சிரித்தார். இப்போது சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்குப் போனார்.

"லெட்டருங்களா? குடுத்தறலாமுங்க மாஸ்டரு" என்றார் திருமூர்த்தி, மேசையில் இருந்த பைல்களைப் பார்த்தபடி. "அடுத்த வாரம் நம்ம துணி வாங்கற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வர்றாங்க. உங்க பக்கம் இப்ப இருக்கற எடம் வேற ஒரு மாதிரின்னு பேசிக்கறாங்க. எப்படி எழுதறதுன்னு வக்கீல ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க."

"ஒரு கையெழுத்துக்கு வக்கீலா மொதலாளி?"

"கோவிச்சுக்காதீங்க. டீ சாப்புடுங்க."

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ரோஸ்மேரி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், போனை எதிரே நிமிர்த்தி வைத்து, வீடியோவில் ஏழு நிமிடம் பேசினார். திருமூர்த்தியின் பேரைச் சொன்னார். கம்பெனி பேரைச் சொன்னார். "முப்பது வருசம் ஒழைச்சவன் வயித்துல அடிச்சிட்டாரு" என்றார். தான் பொய் சொல்லவில்லை என்று காட்ட, அந்தக் கட்டிங் ஹாலில் எடுத்த பழைய காட்சிகளையும் ஒட்டித் தன் பக்கத்தில் போட்டார்.

அவர் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்த வீடியோ அதுதான். வெளிநாட்டு பையரின் ஆட்களும் பார்த்தார்கள். அவர்கள் வாங்குவது குழந்தைகள் துணி. தங்கள் துணியை வெட்டுகிற ஹால், பெரியவர்கள் மட்டும் பார்க்கிற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை ரோஸ்மேரி பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"என்னளா, காய்ச்சலா?"

"பையர் ஆர்டர நிறுத்தி வச்சிட்டான். முப்பது பேர வீட்டுக்குப் போங்கன்னுட்டாவ." செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள். "மொதலாளிதான் புகார் குடுத்தாருன்னே வச்சிக்கிடுவோம். நாங்க முப்பது பேரு ஒங்களுக்கு என்ன செஞ்சோம்?"

அந்தோணிராஜ் போனை எடுத்தார். அவசரமாக வீடியோவை அழித்தார். அதற்குள் தனிநபரை அவதூறாகப் பேசியதாக ஆப்காரர்கள் பக்கத்தையே நிரந்தரமாக மூடிவிட்டார்கள். மிச்சப் பணம் 'விசாரணையில்' என்று காட்டியது. அந்த இரண்டு நாளும் அவர் வெளியே தலைகாட்டவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணும் அந்த முப்பது பேரில் ஒருத்தி.

வெள்ளிக்கிழமை, செய்த நாள்களுக்குச் சம்பளம் வாங்கக் கம்பெனிக்குப் போன ரோஸ்மேரி ஒரு கவரோடு திரும்பினாள். பின்னாலேயே ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி துணிப்பையோடு வந்தாள்.

"இந்தாங்க. ஆபீஸ் மேசையிலயே கெடந்திருக்கு."

கம்பெனி லெட்டர்தான். 'திரு. அந்தோணிராஜ் நடத்துவது முழுக்க முழுக்கத் தொழில் கல்வி. எங்கள் நிறுவனம் இதற்கு உறுதி அளிக்கிறது.' கீழே திருமூர்த்தியின் கையெழுத்து. போன சனிக்கிழமை தேதி. அவர் வீடியோ போட்டதற்கு முதல் நாள்.

"திங்கக்கெழம ஒங்களக் கூப்பிட்டுக் குடுக்கணும்னு இருந்தாராம்."

எழுத்துகள் அவருக்குக் கலங்கித் தெரிந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"வேற எதும் சொன்னாரா?"

"இடுப்பு இப்பம் எப்படி இருக்குன்னு கேட்டாரு."

அந்தோணிராஜ் லெட்டரை மடித்தார். மறுபடி பிரித்தார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்தப் படியேறுவது? அப்படியென்றால் புகார் கொடுத்தது யார்? அதைக் கண்டுபிடித்து இனி என்ன ஆகப்போகிறது?

"இவிய ஒங்களத் தேடி கேட்ல வந்து நின்னாவ" என்று ரோஸ்மேரி அந்தப் பெண்ணைக் காட்டினாள். "ஊரு சேவூராம்."

"கும்புடறனுங்க மாஸ்டரு. பேரு மருதாளுங்க." அவள் பையிலிருந்து நாலைந்து ஜட்டிகளை எடுத்து மேசையில் அடுக்கினாள். ஓரம் ஒன்றுகூடக் கோணவில்லை. "உங்க பாடத்தப் பாத்துத்தானுங்க கத்துக்கிட்டேன். இப்ப ஊட்லயே ரண்டு மெஷின் ஓடுது. திடீர்னு பாடம் வர்றதில்லீங்களா, ஒடம்புக்கு ஏதோ ஆயிப்போச்சோன்னு மனசு கேக்காம வந்துட்டனுங்க."

இத்தனை நாளில் முதல்முறையாக அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஒருத்திக்காவது பிரயோஜனப்பட்டிருக்கிறது.

"எல்லாப் பாடமும் பாத்தியளாம்மா?"

"ஒண்ணு உடலீங்க. படிச்சுட்டேன்னு உங்களுக்குத் தெரியோணுமல்லங்க? அதனால ஒவ்வொரு பாடம் முடிஞ்சதீமு கீழ ரிப்போர்ட்டுன்னு இருக்கறதத் தொட்டு, அதுல வர்ற மொதோ வரிய அமுக்கி, தவறாம அனுப்பி உட்டுருவனுங்க."