மலைப்பக்கம் வராத சம்பந்தி

"அந்தப் பக்கம் நான் வரமாட்டேங்க. கிரிவலத்துல மலைப்பக்கம் சித்தருங்க நடக்கிற இடம். மனுஷங்க இடது ஓரமாத்தான் போகணும்," என்றாள் சந்திரம்மாள்.

ஜோதியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடையவை காய்ச்சலில் போன காதுகள். வலது பக்கம் ஆபரேஷன் செய்து கருவி வைத்திருந்தார்கள். வெளியே காந்தத்தில் ஒட்டி நிற்கும் ஒரு வட்டு. இடது பக்கம் ஹியரிங் எய்டு. பேச்சு தெளிவாக விழுவது வலதில்தான். மலை இருப்பதும் அந்த வலதில்தான்.

அவள் மகள் மணிமொழிக்கும் சந்திரம்மாள் மகன் ஆதவனுக்கும் கல்யாணப் பேச்சு. "பௌர்ணமிக்குச் சேர்ந்து சுத்துவோம், நடந்துக்கிட்டே முடிவு சொல்றேன்" என்று கூப்பிட்டவளே சந்திரம்மாள்தான்.

"நானும் ஓரமாவே வரேங்க. நீங்க எனக்கு வலது கைப்பக்கம் வாங்க. அப்பவும் சித்தருங்களுக்கு அரை ரோடு மிச்சம் இருக்கு."

"சாமி விஷயத்துல விளையாடாதீங்க. அந்த மிஷினைக் கழட்டி இந்தக் காதுல ஒட்டிக்கிட்டா போச்சு."

"இது என்ன ஸ்டிக்கர் பொட்டாங்க? உள்ளே மண்டையில வெச்சுத் தெச்சிருக்கு!"

இடது கருவியில் சத்தத்தைக் கூட்டினாள். அது 'கீ'யென்று கத்தியது. முன்னால் போன பஜனைக் கூட்டம் பாட்டை நிறுத்திவிட்டு முறைத்தது.

திரும்பிப் பின்பக்கமாக நடந்தால்? வலது காது சந்திரம்மாள் பக்கம் வந்தது. பத்தாவது அடியில் முதுகு வெள்ளரிக்காய் வண்டியில் மோதியது.

"ஏம்மா, கண்ணு முதுகுலயா இருக்கு?" என்றான் வண்டிக்காரன், உருண்டவற்றைப் பொறுக்கியபடி.

"போதுங்க. பொண்ணைப் பிடிச்சிருக்கா, இல்லையா?" என்றாள் ஜோதியம்மாள்.

சந்திரம்மாள் அவளுடைய இடது காதில் வாயை வைத்துக் கத்தினாள். "பொண்ணு தங்கம்! ஆனா இந்தக் காது சமாச்சாரம் பரம்பரையா வருமோன்னுதான் யோசனை. எங்க வம்சத்துல அப்படி ஒருத்தருமே இல்லை பாருங்க!"

ரோடே கேட்டது.

"காய்ச்சல்ல போனதுன்னு டாக்டர் சீட்டையே காட்டினேனே!"

"சீட்டு யாரு வேணா எழுதுவாங்க."

ஜோதியம்மாள் விடுவிடுவென்று நடந்து அடி அண்ணாமலை டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பின்னாலேயே வந்த சந்திரம்மாளுக்கு அவளுடைய வலது பக்கம்தான் இடம் இருந்தது. பெஞ்சில் சித்தர் சாக்கு செல்லாது.

சந்திரம்மாள் பௌர்ணமிதோறும் வரும் கடை அது; கேட்காமலே டீ வந்தது. ஜோதியம்மாள் நேரே பார்த்தபடி சொன்னாள். "இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேணாங்க."

சந்திரம்மாள் நிதானமாக டீயை ஊதினாள்.

"எம்பொண்ணை உங்க வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்!"

சந்திரம்மாள் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எவ்வளவு திமிர் பாருங்க," என்று ஜோதியம்மாள் கடைக்காரி பச்சையம்மாளிடம் பொங்கினாள். "பதில்கூடச் சொல்ல மாட்டாங்களாம்!"

"அந்தப் பக்கம் ஒக்காந்துக்கிட்டுக் கத்தினா எப்படிம்மா?" என்றாள் பச்சையம்மாள். "இந்தம்மாவுக்கு இடது காது கேக்காம ஆறு வருஷம் ஆச்சே!"