ஸ்டிக்கர் ஒட்டிய ஆர்கனைசர்

“கேமரா எங்க கீது?” என்று கேட்டார் செக்யூரிட்டி தணிகாசலம்.

“கேமராவே இல்லண்ணா,” என்றான் ரகுபதி.

“அப்ப ஸ்டிக்கரை எங்க ஒட்றது?”

நியாயமான கேள்விதான். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில் தொழிலாளிகளின் போன் வாசலைத் தாண்டாது. ஷிப்டு முடியும்வரை லாக்கருக்குள் கிடக்க வேண்டும். வேறு எந்த எலக்ட்ரானிக் சாமான் உள்ளே போனாலும் கேமராவை மறைத்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டும். ரகுபதி நீட்டியதோ உள்ளங்கை அகலத்தில், மிளகு மிளகாகப் பொத்தான்கள் வைத்த ஒரு பழைய டிஜிட்டல் ஆர்கனைசர். தேதி, மணி, அலாரம், நாலு வரி குறிப்பு. அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது.

தணிகாசலம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார். மேலிடத்துக்குப் போன் போட்டார். ஸ்டிக்கர் இல்லாமல் உள்ளே விடக்கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. யோசித்து யோசித்து, பின்பக்கம் பேட்டரி மூடியின்மேல் குறுக்காக ஒட்டி, அதன்மேல் கையெழுத்தும் போட்டார். இது கிழிந்தால் விசாரணை வரும் என்று எச்சரித்து அனுப்பினார். பேட்டரி தீர்ந்தால் அந்த மூடியைத்தான் திறக்க வேண்டும் என்பது அப்போது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

ஊரே ஸ்மார்ட் போனைத் தேய்த்துக்கொண்டிருக்கும் காலத்தில் ரகுபதிக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? எல்லாம் அவன் மனைவி அம்சவல்லியால்தான்.

அம்சவல்லி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் இருந்தாள். பென்னலூரில் வாடகை வீடு. அவனுக்கும் மூன்று ஷிப்டு, அவளுக்கும் மூன்று ஷிப்டு. இவன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருப்பாள். அவள் வீட்டில் இருந்ததற்கு அடையாளம் அடுப்பின்மேல் மூடிவைத்த குழம்பு. இவன் இருந்ததற்கு அடையாளம் கழுவிக் கவிழ்த்த குழம்புச் சட்டி. இப்படியே குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது.

முன்பு இப்படி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் அவனுக்குப் போன் போட்டபடியே போனாள். போன் லாக்கருக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்குப் பார்த்து ஷிப்டு முடிந்தும் ஓ.டி. வேலை. அவன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று ஓடிவந்தவன் வாயில் வந்தது ஒரே வார்த்தை: “சாப்ட்டியா?”

அதை நினைத்து அவன் கூசாத நாள் கிடையாது. அன்றைக்கு நான் உன் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும், இல்லாமல் போனேன், மன்னித்துவிடு என்று ஒருமுறை அவள் எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட வேண்டும். போனில் சொல்கிற விஷயமா அது? இரண்டு பேரும் வீட்டில் இருக்க வேண்டும், இரண்டு பேரும் முழித்திருக்க வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

அதற்கு இரண்டு பேரின் ஷிப்டும் கையில் இருக்க வேண்டும். ஷிப்டு மாற்றிக்கொள்ளும் பேரமெல்லாம் அசெம்பிளி லைனில் வேலை செய்தபடியே நடக்கும். ‘இந்த வாரம் நீ போ, அடுத்த வாரம் நான்’ என்று எவனாவது கேட்கும்போது அவளுக்கு என்ன ஷிப்டு என்பது ஞாபகம் வராது. துண்டுக் காகிதத்தில் எழுதிவைத்தான், அது யூனிபார்மோடு துவைபட்டுக் கூழாகிப் போனது. ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு போனான், அதுவும் போன் ஜாதிதான் என்று தணிகாசலம் அதையும் லாக்கரில் போடச் சொன்னார். கடைசியில் சிங்கப்பெருமாள் கோவிலில் கண்ணப்பன் எலக்ட்ரானிக்ஸ் கடைக் கண்ணாடிப் பெட்டியில், கால்குலேட்டர்களுக்கு அடியில் இது அகப்பட்டது.

“இதுல ஒன்னுமே இல்ல சார்,” என்றார் கண்ணப்பன் மனசாட்சியோடு.

“அதான் எனக்கு வேணும்,” என்றான் ரகுபதி. சாமான் விற்கவே ஆசை விட்டுப்போனவர்போல் இருந்த கண்ணப்பன் துள்ளி எழுந்து துடைத்துக் கொடுத்தார்.

கருவியின் லட்சணம் அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதன் காலண்டர் 2019-க்கு மேல் ஏறமாட்டேன் என்றது. லைனில் பக்கத்தில் நிற்கும் மோகன்தான் வழி சொன்னான். 2015-இல் நிறுத்திவிட்டால் கிழமையெல்லாம் இந்த வருஷத்தோடு அச்சாகப் பொருந்துமாம். அப்படியே நிறுத்தினான். ரகுபதிக்குக் கல்யாணம் நடந்தது அதற்கு அடுத்த வருஷம். அந்தக் கருவிக்குள் அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, அம்சவல்லிக்கு அவனால் ஒரு கஷ்டமும் வரவில்லை. அது அவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

அடுத்த கோளாறு, திரையில் காலைக்கான A-யும் மாலைக்கான P-யும் மங்கிப்போய் ஒரே சாயலில் தெரிந்தன. அவள் ஆறு மணி பஸ்ஸில் வருகிறாள் என்று மாலையில் நாலு மெதுவடை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றான். காலை ஆறு மணிக்கே வந்து தூங்கி எழுந்த அம்சவல்லி அடுத்த ஷிப்டுக்கு அதே ஸ்டாப்பில் வந்து நின்றாள். வடையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். சொல்ல வந்ததைச் சொல்ல அந்த ஒரு நிமிஷம் எப்படிப் போதும்? பஸ் போனபின் வெகுநேரம் அவன் அங்கேயே நின்றான்.

இனி இருபத்துநாலு மணிக் கணக்கில் வைத்துவிடலாம் என்று பொத்தான்களை அமுக்கியதில் அலாரம் சிக்கிக்கொண்டது. போன் ஒழுக்கம் பற்றி மேனேஜர் பேசிக்கொண்டிருந்த காலைக் கூட்டத்தில், நடுவில் அது கூவியது. நிறுத்தப் பொத்தான் இல்லை. பேட்டரியைப் பிடுங்க வேண்டும், ஸ்டிக்கரைக் கிழிக்கக் கூடாது. கூவுகிற கருவியைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, தணிகாசலம் முன்னிலையில் ஸ்டிக்கரைக் கிழித்து, விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்து, புது ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரும்பினான். பேட்டரியைக் கழற்றியதில் போட்டுவைத்த ஷிப்டெல்லாம் அழிந்துபோயிருந்தது.

மறுபடி அம்சவல்லியிடமே போன் போட்டுக் கேட்டான். அவள் முணுமுணுக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் கேட்டாள்.

“அடுத்த வாரம் உங்களுக்கு இன்னா ஷிப்டு?”

ரகுபதிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவளுக்கும் அதே ஏக்கம்தான் என்று நினைத்துக்கொண்டான். அன்றிலிருந்து தன் ஷிப்டு மாறினால் முதல் வேலையாக அவளுக்குச் சொல்லிவிடுவான். அவளும் வாரம் தவறாமல் கேட்பாள். வேறு எதுவும் பேசாதவள் அதை மட்டும் மறக்காமல் கேட்பது அவனுக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

ஆனால் கருவி கைகொடுக்கவில்லை. அவளுக்கு இரவு ஷிப்டு என்று அது சொன்னதால் மோகனிடம் கெஞ்சி இவனும் இரவு ஷிப்டுக்கு மாறினான். அந்த வாரம் அவள் பகல் ஷிப்டில் இருந்தாள். அவசரமாகப் பகலுக்கு மாறினான். அவளை மதியத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தது. மோகன் கும்பிடு போட்டான். “யப்பா, வூட்ல என் பையன் என்னை மாமான்னு கூப்பிடறான். இனிமே என்கிட்ட வராத.” ரகுபதி கருவியைத் தூக்கிக்கொண்டு கண்ணப்பனிடம் போனான். அவர் குலுக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே தேதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் என்று ஒரு காரணம் சொன்னார். புதுப் பேட்டரி போட்டு, தணிகாசலத்திடம் இன்னொரு விளக்கக் கடிதம் கொடுத்து ஸ்டிக்கர் வாங்கி, எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினான்.

அவர்கள் கல்யாண நாள் அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. இரண்டு பேருக்கும் லீவு என்று கருவி சொன்னது. ஒரு முறைக்கு நாலு முறை பார்த்துக்கொண்டான். மகாபலிபுரம் போய் மணலில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். எனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு, எங்கேயாவது போகலாமா என்று அவளிடம் முன்கூட்டியே கேட்டான். அவள் “ம்” என்றாள். அந்த ‘ம்’மை வைத்துக்கொண்டு நாலு நாள் சந்தோஷமாக இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தபோது அவள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“திடீர்னு வரச் சொல்ட்டாங்க. குழம்பு வச்சிக்கீறேன்,” என்றாள். அவன் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகையைக் கோபமாக்கி, கோபத்தைக் கருவிமேல் காட்டினான். அதைச் சுவரில் அடிக்கக் கை ஓங்கி, மனசு வராமல் நிறுத்தினான். இன்றைக்கு விட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது. ஷிப்டு விடும் நேரத்தில் அவள் கம்பெனி வாசலிலேயே போய் நின்றான்.

பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள். அம்சவல்லியைக் காணோம். அவளுக்கெல்லாம் ஷிப்டு போடும் லைன் லீடர் இசக்கிசெல்விதான் இவனைப் பார்த்துவிட்டு வந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் இருப்பவள், எப்போதோ ஒரு தீபாவளிக்கு இவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாள். அக்கா ஓ.டி.யும் கேட்டு உள்ளேயே இருந்துவிட்டதாகச் சொன்னாள்.

ரகுபதி கருவியை அவள் முன்னால் நீட்டினான். “நீயே பாரும்மா. இன்னிக்கி அவளுக்கு லீவுன்னு காட்டுது. எப்பவுமே தப்பாதான் காட்டுது. எத்தினி தபா மாத்தி மாத்திப் போட்டாலும் நாங்க ரெண்டு பேரும் சேந்தா மாதிரி இருக்கவே முடியல. இதுல இன்னா கோளாறுன்னே புரியல.”

இசக்கிசெல்வி வெயிலுக்குக் கையால் திரையை மறைத்துக்கொண்டு, அந்த வாரம், அதற்கு முந்தின வாரம், அதற்கும் முந்தின வாரம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கள்ளம் இல்லாமல் சிரித்தபடி அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

“மிஷின்ல ஒரு தப்பும் இல்லண்ணே, நான் ஷிப்டு போட்டதெல்லாம் அப்படியே இருக்கு, உங்க ஷிப்டக் கேட்டு வந்து, நீங்க வீட்ல இருக்குத நேரமாப் பாத்து வேலைய மாத்தி வாங்குதது அக்காதானே.”