மாப்ள கையில் கத்தி இருக்கிறதா?

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே கிருமிக்கு மரியாதை கொடுத்துப் பேசிய ஒரே ஆத்மா எங்கள் தரகர்தான். மனிதர்களை ‘யோவ்’ என்பார். கிருமி வந்தால் ‘வாங்க மாப்ள’.

கல்யாணத் தரகர் இல்லை. எங்கள் ஆய்வகத்தின் பெரிய விஞ்ஞானி; தரகர் என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். புதுசாக ஒரு கிருமி அகப்பட்டால் அதன் மரபணு எழுத்துகளை மொத்தமாகப் படித்து எங்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்புவார்கள். அது சாதுவா, கொலைகாரனா, யாராவது வேண்டுமென்றே தூவிவிட்டதா என்று நாங்கள் சொல்ல வேண்டும். நாட்டுப் பாதுகாப்பு சமாசாரம். தரகரோ பெண் வீட்டார் மாதிரி விசாரிப்பார். “எந்தக் குடும்பம்? பெரியப்பா பசங்க யாரு? கையில கத்தி கீதா?” இதெல்லாம் தெரிகிறவரை வியாதியின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னவர் வாசலில் போய் நிற்க வேண்டும். நின்று நின்று, வாசல் வேப்பமரத்துக்கு என்னை நன்றாகத் தெரியும்.

நான் கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே தொழில் கற்றவன். பாதி கற்றவன். எந்தப் பாதி என்பதுதான் அப்போது எனக்குத் தெரியாது.

மாமல்லபுரம் பக்கம் ஒரு குப்பத்தில் கஸ்தூரியம்மாவின் ஆடுகள் சில திடீரென்று செத்துப்போயின. செத்த ஆட்டில் கிடைத்த கிருமி எங்களிடம் வந்தது. முடிவு கெட்டதாக வந்தால் மிச்ச ஆடுகளை ஒருத்தரும் சீண்டமாட்டார்கள். ஆட்டுப்பால் விற்பதைத் தவிர அந்தம்மாவுக்கு வேறு பிழைப்பில்லை.

தரகர் சாப்பிடப் போயிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்கும் புரோகிராமை நானே ஓடவிட்டேன். முதல் வரியில் ஆந்த்ராக்ஸ். நம் ஊர் அடைப்பான். பொருத்தம் கிட்டத்தட்ட முழுசு. உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில், ‘மகாபலிபுரம் பக்கம் ஆந்த்ராக்ஸ், மட்டன் வாங்காதீர்கள்’ என்று போட்டேன். முழங்கைவரை சோப்புப் போட்டேன். பிறகுதான் நான் தொட்டது மவுஸை மட்டும் என்று ஞாபகம் வந்தது. அதையும் கழுவினேன். அன்றைக்கு எங்கள் ஆய்வகத்தில் நடந்த ஒரே உயிர்ச்சேதம் அந்த மவுஸ்தான்.

தரகர் வந்து திரையைப் பார்த்தார்.

“மொகம் ஒரே மாதிரி கீதுன்னு அண்ணன் பண்ண கொலைக்குத் தம்பியப் புடிப்பியாய்யா? இந்தக் குடும்பத்துல எல்லாருக்கும் இதே மூக்குதான். கத்தியத் தேடு.”

அடைப்பான் கிருமி விஷம் செய்யும் மரபணுக்களைத் தனி மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு திரியும். தரகர் சொல்லும் கத்தி அதுதான். வேறு மவுஸ் வாங்கிவந்து தேடினேன். மூட்டை இல்லை. வேறு வழியில் தேடச் சொன்னார். அப்போதும் இல்லை.

“மாப்ள மண்ணுலயும் சோத்துலயும் சும்மா குடியிருக்கறவரு,” என்று சொல்லிவிட்டுக் கஸ்தூரியம்மாவுக்குப் போன் போட்டார். “ஆடுங்க இன்னாம்மா துன்னுச்சு?”

“ரிசார்ட்டுல கல்யாணம் நைனா. மிச்ச சோத்தப் பின்னால கொட்டிக்கினு இருந்தாங்க. உள்ள பூந்துடுச்சுங்க.”

வயிறு முட்டச் சோறு தின்றால் ஆட்டுக்கு அது புளித்து உயிரையே எடுக்கும். கால்நடை டாக்டரும் அதையே சொல்லி மிச்ச ஆடுகளை அவிழ்த்துவிட்டார்.

டாக்டர் சொன்னதைச் சொல்லக் கஸ்தூரியம்மா மறுபடி கூப்பிட்டார். “ஆனா நைனா, எவனோ ஒரு பேமானி ஆந்த்ராக்ஸுன்னு போன்ல போட்டு வுட்டுட்டான். என் வூட்டாண்ட ஒரு ஆளு வரல.”

தரகர் அந்தப் பேமானியைத் திரும்பிப் பார்த்தார். வாசலுக்கு அனுப்பவில்லை. பஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

குப்பத்தில் கூட்டம் தள்ளி நின்றது. தரகர் ரிப்போர்ட் எதையும் நீட்டவில்லை. “எம்மா, ஆட்டுப்பால்ல ஒரு டீ போடு,” என்றார். குடித்தார். எப்போது விழுவார் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

“அண்ணாத்த, உள்ள போனதும் வேலை செய்யாது. டைம் ஆவும்,” என்றாள் ஒருத்தி.

“ஆவட்டும்மா. அதுவரைக்கும் இன்னொண்ணு ஊத்து.”

நானும் குடித்தேன். கடைசியில் அந்தப் பெண்ணே சொம்போடு வந்தாள். “எனக்கு அர லிட்டரு ஊத்து கஸ்தூரி.”

திரும்பும் பஸ்ஸில் தரகரின் முகம் வெளிறிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“பாலு எனக்கு ஆவாதுய்யா. சின்ன வயசுலேர்ந்தே.”

“அப்புறம் எதுக்கு சார் ரெண்டாவது கிளாஸு?”

“மொத கிளாஸுக்கு அவங்க நம்பலியே.”

அப்படியே என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். செங்கல்பட்டில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். “எறங்கு எறங்கு” என்று வந்த கண்டக்டரிடம், கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொன்னேன்.